நிலவு மண்ணை அள்ள ஜேசிபி வாளி போதாதா?

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 11

நிலவின் மேல்மண் மாவு போல மிருதுவானது என்று படித்தேன். அங்கே களிமண் இல்லை, வேர் இல்லை, ஈரம் இல்லை. அப்படிப்பட்ட மண்ணைத் தோண்ட ரோபோ செய்யச் சொல்லி நாசா ஆண்டுதோறும் போட்டி நடத்துவதும், பல்கலைக்கழகங்கள் வரிசைகட்டி வந்து தோற்றுப்போவதும் எனக்குப் புரியவில்லை. ஜேசிபி வாளியைச் சிறிதாகச் செய்து நான்கு சக்கரத்தில் பொருத்தினால் முடிந்தது அல்லவா? எங்கள் அணி அதைத்தான் செய்யப் போகிறது. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 12, காலை

போதாது.

ஜனவரி 12, இரவு

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதற்குத் திட்டு வந்துவிட்டது. சரி, விரிவாகவே சொல்கிறேன்.

2013-ல் அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தில் நடக்கும் அந்தப் போட்டிக்கு எங்கள் பல்கலைக்கழக அணியோடு போனேன். அப்போது அதற்கு 'லூனபாட்டிக்ஸ்' என்று பெயர். தோண்டும் பகுதி என் பொறுப்பு. ஓர் அணிக்குப் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு சுற்றுகள். பத்து கிலோவாவது அள்ளிக் கொட்டினால்தான் அந்தச் சுற்றே கணக்கில் வரும். முதல் சுற்றில் நாங்கள் அள்ளிக் கொட்டியது பூஜ்யம். எட்டு மாத உழைப்புக்குப் பூஜ்யம் வாங்கியவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, ஜேசிபி எதனால் தோண்டுகிறது? வாளியின் கூர்மையால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த வண்டி ஏழு டன்னுக்கு மேல் கனம். வாளி மண்ணுக்குள் இறங்கும்போது மண் அதே விசையோடு வண்டியைத் திருப்பித் தள்ளுகிறது. வண்டி அசையாமல் நிற்பதற்கு அந்தக் கனம்தான் காரணம். அதுவும் போதாமல் இரண்டு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டுதான் தோண்டுகிறார்கள், கவனித்திருப்பீர்கள்.

நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு குளத்தின் அடிமண்ணை மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். மண் அப்படியே இருக்கும், நீங்கள்தான் பின்னால் போவீர்கள். கையில் பலம் குறைந்துவிட்டதா என்ன? காலில் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான். நிலவில் தோண்டுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஜனவரி 13

கணக்கு கேட்கிறார்கள். தோராயமாகவே போடுகிறேன்.

ரோபோ 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியில் அது தரையை அழுத்தும் விசை ஏறத்தாழ 590 நியூட்டன். நிலவில் 97. உதிரி மண்ணில் சக்கரம் இழுக்கக்கூடியது, தாராளமாக வைத்தாலும், எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஆக நிலவில் உங்கள் கையில் இருப்பது 32 நியூட்டன். இங்கே மூன்று கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற விசை அது. அந்த விசையில் மண்ணை வெட்ட வேண்டும். ஜேசிபி வாளிக்கு அது எந்த மூலைக்கு?

ஜனவரி 13, சற்றுப் பிறகு

"எடையைக் கூட்டிவிட்டால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூட்டுங்கள், ராக்கெட் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். உலையில் பால் பொங்குகிற நேரத்தில் எனக்கு வந்த யோசனை இது.

"மாவு போல மிருது" என்ற பகுதிக்கு நான் பதிலே சொல்லவில்லை. மேலே சில சென்டிமீட்டர் வரை அது உண்மை. அதற்குக் கீழே கதை வேறு.

பழைய கடைகளில் படியில் அரிசி அளக்கும்போது, கெட்டிக்கார வீட்டம்மா "படியைத் தட்டி அளங்கள்" என்பார். இரண்டு தட்டு தட்டினால் அரிசி அமர்ந்து, மேலே இன்னும் ஒரு பிடிக்கு இடம் வரும். நிலவின் மண்ணைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் அப்படித் தட்டிக்கொண்டே இருக்கின்றன. துகள்கள் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொண்டு இறுகிவிட்டன. முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே அதன் இறுக்கம் சாத்தியமான உச்சத்தில் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் ஊரில் சாலை போடும்போது ரோலர் விட்டு எட்டப் பார்ப்பது அந்த மாதிரி இறுக்கத்தைத்தான். அங்கே ரோலர் இல்லாமலே வந்திருக்கிறது.

அதோடு துகளின் வடிவம். ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. நிலவில் ஆறும் இல்லை, காற்றும் இல்லை. உடைந்த கண்ணாடியைப் பொடித்தது போல முனை முனையாக இருக்கும், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்பல்லோ 11-ல் கொடிக்கம்பத்தை நட அவர்கள் பட்ட பாடு தெரியும்தானே. சில அங்குலங்களுக்கு மேல் அது இறங்கவில்லை.

ஜனவரி 16

நண்பர் ஒருவர்: "காவிரியில் மணல் அள்ளியவர்களை அனுப்பினால் ஒரே இரவில் நிலவைக் காலி செய்துவிடுவார்கள்."

நிலவில் ஓர் இரவு என்பது நம் கணக்கில் பதினான்கு நாள். அவர்களுக்கு வசதிதான்.

ஜனவரி 21

எங்கள் பூஜ்யத்தின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

எங்களுடையது வாளிச் சங்கிலி. சைக்கிள் சங்கிலி போல, ஆனால் தடித்தது. அதில் சிறு சிறு வாளிகள் வரிசையாக. கீழே போகும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும், மேலே வந்து கவிழும்போது பின்னாலுள்ள தொட்டியில் கொட்டும். நம் ஊர்க் கிணற்று ஏற்றம் பற்றி அணியில் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றியிருந்தேன். ஒரே வாளியால் ஒரேயடியாக வெட்டுவதைவிட முப்பது வாளிகள் நகக்கண் அளவு சுரண்டினால் எதிர்விசை குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். இன்றும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

பயிற்சிக்கு நாங்கள் வாங்கியது குழந்தைகள் விளையாடும் மணல், மூட்டை மூட்டையாக. பட்டறைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் பலகை அடித்துப் பாத்தி கட்டி அதில் ஓட்டினோம். பத்து நிமிடத்தில் எண்பது கிலோ. கைதட்டல், பீட்சா, புகைப்படம்.

போட்டியில் இருந்ததோ பிபி-1. அரிசோனாவில் பிளாக் பாயின்ட் என்ற இடத்து எரிமலைக் குழம்புப் பாறையை அரைத்த பொடி. விரல் விட்டால் உள்ளே போகும், எடுத்தால் விரல் போன துளை அப்படியே நிற்கும். மணலில் துளை நிற்குமா? சரிந்து மூடிக்கொள்ளும். அந்த ஒரு வித்தியாசத்தில் எல்லாம் போயிற்று. மணல் வாளியிலிருந்து தண்ணீர் போல வழிந்து கொட்டியது. பிபி-1 வாளியின் மூலையில் அப்பிக்கொண்டது. வாளி மேலே போய்க் கவிழ்ந்தது, எதுவும் விழவில்லை. அப்பிய மண்ணோடே கீழே வந்து மறுபடி மண்ணுக்குள் போயிற்று. பத்து நிமிடம் எங்கள் ரோபோ ஒரே மண்ணைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. கோயில் பிரகாரத்தில் சப்பரம் போல.

கேமரா வழியாகப் பார்க்கும்போது அது தெரியவே இல்லை. போட்டியில் ஓட்டுகிறவர் களத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது, தனி அறை. வாளிகள் சுற்றுகின்றன, மோட்டார் மின்சாரம் இழுக்கிறது, ஆகவே அள்ளுகிறோம் என்று நம்பினோம்.

ஜனவரி 22

மேலே "எல்லாம் போயிற்று" என்று மண்ணின் மேல் பழி போட்டுவிட்டேன். முழு உண்மை அது அல்ல. முதல் நான்கு நிமிடம் சக்கரம் புதைந்து நின்ற இடத்திலேயே சுற்றியது. மண்ணைத் தோண்டியது முதலில் சக்கரம்தான், வாளி அல்ல. சக்கரங்களை வடிவமைத்த நண்பன் இதை நான் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்து நேற்றிரவே செய்தி அனுப்பினான். பதினோரு ஆண்டுகளாக அவனைப் பாதுகாத்து வந்தேன், இனி இல்லை.

ஜனவரி 24

இரண்டாம் சுற்றுக்கு என்ன செய்தோம் என்று கேட்கிறார்கள். சங்கிலியின் உச்சியில், வாளி கவிழுமிடத்தில், ஒரு போல்ட்டைத் துருத்தி நிற்கும்படி முறுக்கினோம். ஒவ்வொரு வாளியும் அதில் 'டக்'கென்று இடிபட்டுப் போகும். மாவு சலிக்கும்போது சல்லடையை உள்ளங்கையில் தட்டுவோமே, அதே வேலை. என் அம்மாவின் தொழில்நுட்பம் என்று அறிக்கையில் எழுத விரும்பினேன், அணித் தலைவி அந்த வரியை நீக்கிவிட்டாள்.

27 கிலோ வந்தது.

ஜனவரி 24, இரவு

பாராட்டியவர்களுக்கு நன்றி, ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பாராட்டுங்கள். பத்து கிலோவுக்கு மேல் அள்ளும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 புள்ளி. ரோபோவின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 புள்ளி கழிவு. எங்கள் ரோபோ 62 கிலோ. மண்ணில் சம்பாதித்தது 51, உடம்பில் இழந்தது 496.

இந்த ஒரு விதியை வைத்து ரோபோவின் உருவத்தையே தீர்மானிக்கலாம் என்பது எனக்குப் போட்டி முடிந்த பிறகுதான் உறைத்தது. ஒரு மோட்டாரைக் கூடுதலாக வைக்கிறீர்கள், இரண்டு கிலோ. அந்த மோட்டார் குறைந்தது ஆறு கிலோ மண்ணைக் கூடுதலாகக் கொண்டுவராவிட்டால் அது நஷ்டம். ஒவ்வொரு போல்ட்டையும் இப்படி வியாபாரிக் கண்ணோடு பார்க்க வேண்டும். நாங்கள் பொறியாளர் கண்ணோடு பார்த்து, எங்கும் "இருக்கட்டும், பலமாக இருக்கட்டும்" என்று இரும்பை ஏற்றினோம்.

படம் அனுப்பும் தகவலுக்கும் கழிவு உண்டு, விநாடிக்கு 50 கிலோபிட்டுக்கு ஒரு புள்ளி. அதை மிச்சம் பிடிக்கிறோம் என்று கேமராவின் தரத்தைக் குறைத்ததில், பாறையின் நிழலைப் பள்ளம் என்று நினைத்து ஒதுங்கி நிஜப் பள்ளத்தில் இறங்கிய கதை தனி.

பிப்ரவரி 2

கேள்வி கேட்ட தம்பி: "அண்ணா, ஜேசிபி யோசனையைக் கைவிட்டோம். வாளிச் சங்கிலியா, உருளையா, திருகா? ஒன்றைச் சொல்லுங்கள்."

ஒன்றைச் சொன்னால் அதையே செய்வீர்கள், தோற்றால் என்னைத் திட்டுவீர்கள். மூன்றின் குணத்தைச் சொல்கிறேன்.

திருகு, அதாவது மரத்தில் துளை போடும் துரப்பணம் மாதிரி. பார்க்க எளிது. ஆனால் வெட்டிய மண் மேலே ஏறி வர வழி வேண்டும். அப்பல்லோ 15-ல் டேவிட் ஸ்காட் வெப்பமானி இறக்கத் துளையிட்டபோது மாட்டிக்கொண்டது இதில்தான். மூன்று மீட்டர் திட்டம், பாதியைத் தாண்டவே திணறியது. துரப்பணத் தண்டுகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் மண் ஏறும் புரி தடைபட்டிருந்தது. பொடி அங்கே அடைத்துக்கொண்டது. அப்பல்லோ 16-க்கு அதை மாற்றி வடிவமைத்தார்கள். வெட்டுவதற்குப் பலம் இருந்தும் வெட்டியது வெளியேற வழி இல்லாமல் ஒரு துரப்பணம் நின்றது என்பதை உங்கள் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

வாளிச் சங்கிலி: எங்கள் கதையைப் படித்தீர்கள். நன்றாக அள்ளும். ஆனால் சங்கிலி முழுக்க வெளியே கிடக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கண்ணாடிப் பொடி புகுந்து அரைக்கும். பத்து நிமிடப் போட்டிக்குத் தாங்கும், பத்து மாதத்துக்கு எனக்குச் சந்தேகம்.

உருளை: கென்னடி மையத்தின் 'ஸ்வாம்ப் வொர்க்ஸ்' கூடத்தில் 'ரேசர்' என்றொரு ரோபோ செய்திருக்கிறார்கள். முன்னால் ஒரு உருளை, பின்னால் ஒரு உருளை, ஓரங்களில் சிறு வாய்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். முன்னுருளை ரோபோவைப் பின்னால் தள்ளும்போது பின்னுருளை முன்னால் தள்ளுகிறது. இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ரோபோ நின்ற இடத்தில் நிற்கிறது. அந்த 32 நியூட்டன் தொல்லைக்கு நான் பார்த்ததில் மிக அழகான பதில் இதுதான். மண் உருளைக்குள்ளேயே தங்கும், திருப்பிச் சுழற்றினால் கொட்டும். தனித் தொட்டி வேண்டாம்.

பிப்ரவரி 3

ரேசரை அதிகமாகப் புகழ்ந்துவிட்டேனோ? அழகான பதில்தான், ஆனால் போட்டியில் மண்ணைக் கொட்ட வேண்டிய தொட்டி தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருந்தது. மண் நிரம்பிய உருளையை அந்த உயரத்துக்குத் தூக்கக் கை வேண்டும், கைக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு எட்டு எட்டாகக் கழிவு. போட்டிக்கு நல்லது வேறு, நிலவுக்கு நல்லது வேறு. இதைத்தான் முதலிலிருந்தே சொல்ல வருகிறேன், சுற்றி வளைத்து இப்போதுதான் வாயில் வந்தது.

பூமியில் நடக்கும் எந்தப் போட்டியிலும் ரோபோ தன் முழு எடையோடு நின்று தோண்டுகிறது. எதிர்விசை என்ற முக்கியமான சோதனையை அது எழுதாமலே தேர்ச்சி பெற்றுவிடுகிறது. 2009-ல் கலிபோர்னியாவில் நாசாவின் பரிசுப் போட்டியில் பால்ஸ் ரோபாட்டிக்ஸ் என்ற அணி அரை மணி நேரத்தில் 439 கிலோ அள்ளி ஐந்து லட்சம் டாலர் வாங்கியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் யாருமே வெல்லாத போட்டி அது. அபாரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதே ரோபோ நிலவில் எத்தனை கிலோ அள்ளும்? பூமியில் அதைச் சோதிக்க வழியே இல்லை.

பிப்ரவரி 4

காற்றுச் சக்கரம் போடலாமா என்று கேட்டவருக்கு: எங்கள் விதிப்புத்தகத்தில் தடை. ஹைட்ராலிக்ஸ் தடை. ஒலியலையால் தூரம் அளக்கும் உணரி தடை, வெற்றிடத்தில் ஒலி ஏது. திசைகாட்டி தடை, நிலவுக்குப் பூமியைப் போன்ற காந்தப்புலம் இல்லை. ஜிபிஎஸ் தடை, காரணம் சொல்லத் தேவையில்லை. களத்தின் சுவரைத் தொட்டு வழி கண்டுபிடிப்பதும் தடை, நிலவில் சுவர் கிடையாது.

பூமியின் ஈர்ப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை பாருங்கள், அவர்களாலும்.

பிப்ரவரி 11

சேலத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "பயிற்சிக்கு அரிசோனா மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்து மண்ணே நிலவு மண்தான் என்று செய்தியில் படித்தேன்."

உண்மை, பெருமையாகவே சொல்லலாம். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் அனார்த்தோசைட் என்ற பாறை கிடைக்கிறது. நிலவின் வெளிறிய மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அந்த வகைப் பாறை. சந்திரயான்-2-ன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் போன்ற மண் டன் கணக்கில் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாங்கினால் கட்டுப்படியாகாத விலை. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் உதவ, இந்தப் பாறையை அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அதற்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் பெற்றது.

ஆனால் அது மேட்டுநிலத்து மண். நிலவில் கறுப்பாகத் தெரிகிற சமவெளிகள் எரிமலைக் குழம்புப் பாறை, பிபி-1 அந்த வகையைச் சேர்ந்தது. தோண்டிப் பழகுவதற்கு வேதியியல் அவ்வளவு முக்கியம் இல்லை. துகளின் அளவும், முனையும், இறுக்கமும்தான் முக்கியம்.

ஆகவே நாமக்கல்லுக்கு லாரி பிடிக்க வேண்டாம். பிபி-1-ஏ கல்லுடைக்கும் ஆலையில் மிஞ்சிய பொடிதான். உங்கள் ஊருக்குப் பக்கத்து கிரஷரில் எம்-சாண்ட் சலித்த பின் மிஞ்சும் தூளைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே ஏற்றி அனுப்புவார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு மணலைவிட நூறு மடங்கு மேல். நன்றாகக் காய வையுங்கள். பரப்பி, பலகை வைத்து மிதித்து இறுக்குங்கள். மேலே இரண்டு சென்டிமீட்டர் மட்டும் கிளறிவிடுங்கள், எங்கள் களத்தையும் அப்படித்தான் தயார் செய்தார்கள்.

பிப்ரவரி 11, பத்து நிமிடம் கழித்து

முகமூடி! எழுத மறந்தேன். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. துணி முகமூடி போதாது, கல்லுடைக்கும் இடங்களுக்கென்றே விற்கும் வடிகட்டி முகமூடி வாங்குங்கள். போட்டியில் களத்துக்குள் போகிறவர்களுக்கு உடல் முழுக்க மூடிய உடையும் சுவாசக் கருவியும் கட்டாயம். அப்பல்லோ 17-ன் ஹாரிசன் ஷ்மிட் நிலவுத் தூசியை மூச்சில் இழுத்து மூக்கடைத்து அவதிப்பட்டார். அவர் புவியியலாளர், தூசியோடு வாழ்ந்து பழகியவர்.

பிப்ரவரி 12

தூசி என்றதும் இன்னொன்று. அதே அப்பல்லோ 17-ல் நிலவு வண்டியின் மட்கார்டு உடைந்துவிட்டது. சக்கரம் வாரி இறைத்த தூசி ஆட்கள் மேலேயே மழையாகக் கொட்டியது. வரைபடத் தாள்களை ஒட்டுநாடாவால் சேர்த்து மட்கார்டு செய்து மாட்டினார்கள். உங்கள் ரோபோவில் மட்கார்டு வரைந்திருக்கிறீர்களா? உங்கள் படத்தில் நான் பார்க்கவில்லை.

எங்களிடம் இருந்தது. அதை மாட்டும் திருகுகளைத்தான் விடுதி அறையில் விட்டுவந்தோம்.

மார்ச் 9

ஒரு வாசகர் கடுமையாகவே எழுதியிருக்கிறார். சுருக்கம்: "இந்த மாணவர்கள் லூனபாட்டிக்ஸில் கலந்துகொள்ளவே முடியாது, அது அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மட்டும். தெரியாமல் ஆசை காட்டுகிறீர்கள்."

நியாயம். போட்டி தொடங்கியது 2010-ல். 2011-லும் நான் போன ஆண்டிலும் வெளிநாட்டு அணிகள் வந்தன. 2011-ல் தோண்டுவதில் முதலிடம் கனடாவின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்துக்கு. 2014-ல் பெயர் மாறியது, கதவும் சுருங்கியது. சில ஆண்டுகள் பேச்சு நிலவிலிருந்து செவ்வாய்க்குப் போய், பிறகு நிலவுக்கே திரும்பியது. தம்பியின் அணி போவது வேறு போட்டிக்கு என்று அவரே எனக்குத் தனியாக எழுதியிருந்தார். இங்கே சொல்லாமல் விட்டது என் தவறு.

மார்ச் 10

இன்னொரு செய்தி. இந்த ஆண்டு லூனபாட்டிக்ஸில் தோண்டிக் கொட்டுவது மட்டும் போதாதாம், வரப்பு கட்ட வேண்டுமாம். கலம் இறங்கும்போது அதன் நெருப்பு வாரியடிக்கும் மண்ணிலிருந்து மற்றவற்றைக் காக்க மண்மேடு. எனக்கு இது பிடித்திருக்கிறது. தொட்டியில் கொட்டினால் எடை எவ்வளவு என்பதோடு சரி. வரப்பு என்றால் நிற்க வேண்டும், சரியான இடத்தில் நிற்க வேண்டும். வயலில் வரப்பு வெட்டுகிறவரிடம் கேளுங்கள், குழி தோண்டுவதைவிட அதுதான் கஷ்டம் என்பார்.

ஜூன் 22

நீண்ட இடைவெளி. வேலை, வீடு மாற்றம், அம்மைக்கட்டு, எல்லாம் வரிசையாக.

பிப்ரவரி 3-ல் நான் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். "பூமியில் அதைச் சோதிக்க வழியே இல்லை" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். இந்த மாதம் அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரில் நாசாவின் 'பனியை உடை' என்ற போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. அங்கே ரோபோவை கிரேனில் கட்டி, எடையில் ஆறில் ஐந்து பங்கை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு தோண்டவைத்திருக்கிறார்கள். இவ்வளவு எளிய யோசனை! தூளியில் குழந்தையைப் போட்டுத் தூக்குகிற மாதிரி. பதினோரு ஆண்டுகளாக முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

முதல் பரிசு பத்து லட்சம் டாலர், டெர்ரா இன்ஜினியரிங் என்ற அணிக்கு. 2009 போட்டியில் இரண்டாவதாக வந்த பெயரும் இதுவே. விடாமல் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள்.

ஜூன் 23

இரவெல்லாம் யோசித்ததில், நேற்றுத் திரும்பப் பெற்றதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

கிரேன் ரோபோவின் எடையைக் குறைக்கும். மண்ணின் எடையைக் குறைக்குமா? ஒவ்வொரு துகளையும் கயிற்றில் கட்ட முடியாதே. வாளியில் ஏறிய மண் இங்கே ஆறு மடங்கு விசையோடு விழ முயல்கிறது, ஆறு மடங்கு அழுத்தத்தோடு அமர்கிறது. எங்கள் வாளியில் பிபி-1 அப்பிக்கொண்டது நினைவிருக்கிறதா? இங்கேயே முழு ஈர்ப்பு இழுத்தும் விழாத மண், ஆறில் ஒரு பங்கு இழுத்தால் விழுமா? ஒட்டும் விசை அங்கேயும் அதேதான், கீழே இழுக்கிற விசைதான் மெலிந்துபோகிறது. என் கணிப்பில் நிலவில் தோண்டுவதைவிடக் கொட்டுவதுதான் பெரும்பாடாக இருக்கும். அந்த ஒரு போல்ட்டு போதாது, இரண்டு மூன்று வேண்டியிருக்கும்.

இதற்குக் கிரேன் உதவாது. விமானத்தை மேலேற்றிச் சரியான வளைவில் இறக்கினால் சில பத்து விநாடிகள் நிலவின் ஈர்ப்பு கிடைக்கும், அதில் சோதிக்கலாம். அதற்குள் எத்தனை வாளி கவிழும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜூலை 7

தம்பியிடமிருந்து படம் வந்திருக்கிறது. உருளை போட்டிருக்கிறார்கள், ஒன்றல்ல, இரண்டு, எதிரெதிராக. கிரஷர் தூளில் சோதனை. எல்லோரும் முகமூடியோடு நிற்கிறார்கள், அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. மட்கார்டும் இருக்கிறது. சக்கரம் அச்சு வரை புதைந்திருக்கிறது.

"அண்ணா, உருளையின் வாயைப் பெரிதாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

உருளையைத் தொடாதீர்கள். சக்கரத்தை அகலமாக்குங்கள், மேலே மண்ணைக் கவ்வும் பட்டைகளை உயரமாக வையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். புதைந்த பிறகு வேகத்தைக் கூட்டாதீர்கள், சக்கரம் குழியைத்தான் ஆழமாக்கும். மெல்லப் பின்வாங்குங்கள். எங்கள் சக்கரக்காரன் எண்ணைத் தருகிறேன், அவன் இந்தத் தவற்றை மிகுந்த அனுபவத்தோடு விளக்குவான்.

ஜூலை 8

எத்தனை கிலோ வந்தது என்று கேட்க மறந்துவிட்டேன். பதினொன்று என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஓர் அழுகிற முகம் போட்டிருக்கிறார்.

எங்கள் முதல் சுற்றைவிடப் பதினோரு கிலோ அதிகம், தம்பி.